பிணைப்பை உடைத்தால் சூடு வராது: வேதிவினைகளின் வெப்பக் கணக்கு

எரிபொருளுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, அதன் பிணைப்புகள் உடைந்ததும் அந்த ஆற்றல் வெளியே பாய்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில பாடநூல்கள்கூட அப்படி எழுதிவிடுகின்றன. உண்மை இதற்கு நேர் எதிரானது. எந்த வேதிப் பிணைப்பானாலும் சரி, அதை உடைக்க ஆற்றலைச் செலவழித்தே ஆக வேண்டும். ஆற்றல் வெளிப்படுவது புதிய பிணைப்பு உருவாகும்போதுதான். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம் மெனக்கெட வேண்டும். கையை விட்டால் அவை தாமாகவே பாய்ந்து ஒட்டிக்கொண்டு 'டக்' என்று ஓசை எழுப்பும். அணுக்களும் அப்படித்தான்.

இந்த ஒரு விஷயம் தெளிவானால், வேதிவினைகளின் வெப்பக் கணக்கு முழுவதும் வரவு செலவு போலப் புரிந்துவிடும். எல்லா வினையிலும் பழைய பிணைப்புகள் உடைகின்றன, அது செலவு. புதிய பிணைப்புகள் உருவாகின்றன, அது வரவு. வரவு அதிகமானால் மிச்சம் வெப்பமாக வெளியே வரும். அதை வெப்ப உமிழ் வினை என்கிறோம். செலவு அதிகமானால் பற்றாக்குறையைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அது வெப்பம் கொள் வினை.

ஹைட்ரஜன் எரிவதை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மோல் ஹைட்ரஜன், ஒரு மோல் ஆக்சிஜன், கிடைப்பது இரண்டு மோல் நீராவி (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ண வேதியியலாளர்கள் வைத்திருக்கும் அலகு). ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். இரண்டு மோலுக்கு 872. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பை உடைக்க 498. மொத்தச் செலவு 1,370 கிலோஜூல். இனி வரவு. இரண்டு நீர் மூலக்கூறுகளில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நான்கு பிணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 463. ஆக 1,852. வித்தியாசம் 482 கிலோஜூல். ஆய்வகத்தில் அளந்து கிடைத்த மதிப்பு 483.6. வெறும் சராசரிப் பிணைப்பு ஆற்றல்களை வைத்தே இவ்வளவு நெருங்கிவிட முடிகிறது.

சரி, அந்த 482 எங்கிருந்து வந்தது? உடைந்த ஹைட்ரஜன் பிணைப்பு (436) ஒன்றும் நோஞ்சான் அல்ல. புதிதாக உருவான பிணைப்புக்கு (463) ஏறக்குறைய இணையானது. நோஞ்சான் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆக்சிஜனில் இருப்பது இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு எலக்ட்ரான் இணைகள். 498-ஐ இரண்டால் வகுத்தால் ஓர் இணைக்கு வெறும் 249தான். இதை மற்றவற்றோடு வைத்துப் பாருங்கள்: கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 347, கார்பன்–ஹைட்ரஜன் 413, கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு 799, அதாவது இணைக்குக் கிட்டத்தட்ட 400. எரிபொருளில் உள்ள பிணைப்புகளும் எரிந்து முடிந்தபின் கிடைக்கும் பிணைப்புகளும் பலத்தில் பெரிதாக வேறுபடவில்லை. ஆக்சிஜன் மூலக்கூறு மட்டும் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தளர்வான கட்டு அவிழ்ந்து, இறுக்கமான கட்டுகள் விழுவதில் கிடைக்கும் லாபம்தான் நெருப்பின் வெப்பம்.

அப்படியென்றால் கார்பன் உள்ள பெரும்பாலான எரிபொருள்களில், செலவாகும் ஆக்சிஜனின் அளவுக்கு ஏற்ப ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம்தானே வர வேண்டும்? அப்படித்தான் வருகிறது. திரவ நீர் கிடைப்பதாக வைத்துக் கணக்கிட்டால் ஒரு மோல் ஆக்சிஜனுக்கு மீத்தேன் 445 கிலோஜூல் தருகிறது, புரொப்பேன் 444, எத்தனால் 456, குளுக்கோஸ் சுமார் 467. தூய கார்பன் 394. ஒன்று வாயு, ஒன்று திரவம், ஒன்று சர்க்கரை, ஒன்று கரி. அமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் ஆக்சிஜன் கணக்கில் பார்த்தால் எல்லாமே ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த எண் வரிசை இதுதான். எரிபொருள்களைக் கிலோ கணக்கில் மட்டும் ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

இதை 1917-லேயே தார்ன்டன் என்ற ஆய்வாளர் கவனித்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1980 வாக்கில், தீ பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை ஒரு கருவியாகவே மாற்றிக்கொண்டார்கள். ஒரு சோபா எரிகிறது என்று வையுங்கள். அதில் மரம், பஞ்சு, பிளாஸ்டிக், பசை என்று என்னென்னவோ இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு எரிந்தது என்று தனித்தனியாகக் கணக்கிட வழியே இல்லை. ஆனால் மேலே ஒரு பெரிய புகைக்கூண்டு வைத்து, வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் போதும். குறைந்த ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனுக்கும் 13.1 மெகாஜூல் என்று பெருக்கினால் தீயின் வெப்ப வீதம் கிடைத்துவிடும். பிழை பெரும்பாலும் ஐந்து சதவீதத்துக்குள்தான் இருக்கும். நம் உடம்புக்கும் இதே கணக்குத்தான். உள்ளே போகும் மூச்சிலும் வெளியே வரும் மூச்சிலும் ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்குச் சுமார் 20 கிலோஜூல் என்று போட்டு ஒருவர் செலவழிக்கும் ஆற்றலைச் சொல்லிவிடுகிறார்கள்.

காற்றில் ஆக்சிஜனோடு கலந்தே இருக்கும் நைட்ரஜன் ஏன் எரிவதில்லை என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறில் முப்பிணைப்பு. உடைக்க 945 கிலோஜூல் வேண்டும். அதோடு ஆக்சிஜனின் 498. கிடைக்கும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளின் பிணைப்புகளோ மோலுக்கு 631 வீதம் 1,262 மட்டுமே தரும். சுமார் 180 கிலோஜூல் நஷ்டம். ஆகவே மின்னலிலும் எஞ்சின்களின் கடும் வெப்பத்திலும்தான் அந்த வினை கொஞ்சமாவது நடக்கிறது. இதையே தலைகீழாகப் படித்தால் வெடிமருந்துகளின் கதை. நைட்ரஜன் அணுக்கள் பலவீனமான பிணைப்புகளில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளில், அவை ஒன்றோடொன்று சேர்ந்து அந்த 945 கிலோஜூல் முப்பிணைப்பை உருவாக்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

உயிரியல் வகுப்பில் வரும் 'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற பேச்சும் இதே குழப்பத்தின் குட்டிதான். செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டு கழன்று வரும்போது பயன்படுத்தக்கூடிய ஆற்றலாக மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் கிடைக்கிறது. அந்தப் பிணைப்பு உடைவது ஆற்றலைத் தருவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து உருவாகும் பொருள்களின் பிணைப்புகளும், அவற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதும் சேர்ந்து தரும் நிகர லாபம் அது.

இதுவரை ஆற்றல், வெப்பம் என்று பொதுவாகவே சொல்லிவந்தேன். வேதியியலாளர்கள் அட்டவணைகளில் எழுதி வைத்திருப்பதோ என்தால்பி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பொருளுக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் அக ஆற்றல். பெரும்பாலான வினைகள் திறந்த பாத்திரங்களில், மாறாத காற்றழுத்தத்தில் நடக்கின்றன. வாயு உருவானால் அது வளிமண்டலத்தைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆற்றலில் ஒரு பகுதி போய்விடும். வாயு குறைந்தால் வளிமண்டலம் உள்ளே அழுத்தி, கொஞ்சம் ஆற்றலைத் திருப்பித் தரும். அக ஆற்றலோடு அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வரும் தொகையைச் சேர்த்தால் கிடைப்பதே என்தால்பி. இந்த ஏற்பாட்டின் லாபம் ஒன்றுதான்: மாறாத அழுத்தத்தில் வினை நடந்தால், என்தால்பியில் வந்த மாற்றமும் நாம் அளக்கும் வெப்பமும் சரிசமமாக இருக்கும். தள்ளுமுள்ளுக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து 25 டிகிரியில் திரவ நீராகும்போது என்தால்பி 285.8 கிலோஜூல் குறைகிறது. அக ஆற்றல் 282.1 குறைகிறது. மறைந்துபோன ஒன்றரை மோல் வாயுவின் இடத்தை வளிமண்டலம் அழுத்தி நிரப்பியதில் வந்தது அந்த 3.7.

இங்கே திரவ நீர் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். கிடைப்பது நீராவி என்றால் 285.8-க்குப் பதில் 241.8தான். நடுவில் உள்ள 44 கிலோஜூல், நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவருவது. பொருளின் நிலையைச் சொல்லாமல் என்தால்பி எண்ணை மட்டும் சொல்வது அரைகுறைத் தகவல். எரிபொருள்களுக்கு உயர் வெப்ப மதிப்பு (நீராவி நீராகும் வெப்பத்தையும் சேர்த்தது), தாழ் வெப்ப மதிப்பு (அதைச் சேர்க்காதது) என்று இரண்டு எண்கள் புழங்குவது இதனால்தான். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் கொதிகலன்களின் திறனைத் தாழ் மதிப்பை வைத்துக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அற்புதம் ஏதுமில்லை, வகுத்த எண்தான் சிறியது.

என்தால்பியின் இன்னொரு குணம் இன்னும் பயனுள்ளது. அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கும். நடுவில் எந்த வழியாக வந்தோம் என்பது அதற்குப் பொருட்டல்ல. ஜெனிவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணிபுரிந்த ஜெர்மைன் ஹெஸ் இதை 1840-ல் விதியாக அறிவித்தார். அவர் கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு தண்ணீரில் நீர்க்கவைத்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கினார். அதிகம் நீர்க்கவைத்தபோது அந்தக் கட்டத்திலேயே நிறைய வெப்பம் வந்துவிட்டது, நடுநிலையாக்கலில் குறைவாக வந்தது. குறைவாக நீர்க்கவைத்தபோது மாறி வந்தது. இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே தொகை. ஆற்றல் அழிவதில்லை என்ற பொது விதியை மேயரும் ஜூலும் முன்வைக்கத் தொடங்கியது 1842-லிருந்துதான். அந்த விதி வருவதற்கு முன்பே, வெறும் அளவீட்டின் பலத்தில் அதன் ஒரு துண்டைக் கையில் பிடித்துவிட்டார் ஹெஸ். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஹெஸ் விதியின் பலம் அளக்க முடியாதவற்றில்தான் தெரியும். கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும்போது எவ்வளவு வெப்பம் வரும்? நேரடியாக அளப்பது ஏறக்குறைய முடியாத காரியம், ஏனென்றால் எப்படி எரித்தாலும் கொஞ்சம் டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். ஆனால் கார்பன் முழுதாக எரிந்து டை ஆக்சைடு ஆவதை அளக்கலாம்: 393.5 கிலோஜூல். மோனாக்சைடு எரிந்து டை ஆக்சைடு ஆவதையும் அளக்கலாம்: 283.0. கழித்தால் 110.5. காற்றுப் போதாமல் எரியும் கரி, தரக்கூடிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தராமல், நச்சு வாயுவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதையும் இந்தக் கழித்தல் காட்டிவிடுகிறது.

அளவிடும் முறைக்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்பதில்லை. 1780-களின் தொடக்கத்தில் லவாய்சியரும் லாப்லாஸும் உருகிய பனிக்கட்டியின் எடையை வைத்தே வெப்பத்தை அளந்தார்கள். ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, சுவாசமும் மெதுவான எரிதல்தான் என்று முடிவு கட்டினார்கள். இன்று ஒரு தெர்மோகோல் கோப்பையும் வெப்பமானியும் போதும். 50 மில்லி லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் 50 மில்லி லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும், இரண்டும் லிட்டருக்கு ஒரு மோல் செறிவில், கோப்பையில் கலக்கிறோம். வினைபுரிவது 0.05 மோல். வலுவான அமிலமும் வலுவான காரமும் சேர்ந்தால் மோலுக்குச் சுமார் 56 கிலோஜூல் வெளிவரும். ஆக 2.8 கிலோஜூல், அதாவது 2,800 ஜூல். கோப்பையில் இருப்பது ஏறக்குறைய 100 கிராம் தண்ணீர். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 418 ஜூல் வேண்டும். வகுத்தால் 6.7 டிகிரி. வெப்பமானியில் அதற்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். மிச்சம் கோப்பைக்கும் காற்றுக்கும் போயிருக்கும்.

இப்போது இரண்டையும் 100 மில்லி லிட்டராக்கினால்? வெப்பநிலை 13 டிகிரி ஏறும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஏறாது, அதே 6.7தான். வெப்பம் இரட்டிப்பானது, அதைப் பங்குபோடும் தண்ணீரும் இரட்டிப்பானது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பதை இந்த ஒரு பரிசோதனையைவிட எளிதாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியாது. அமிலத்தை மாற்றி நைட்ரிக் அமிலம் போட்டாலும் எண் மாறாது, ஏனென்றால் உண்மையில் நடப்பது ஒரே வினை: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது.

சோடியம் ஹைட்ராக்சைடு கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரைசல் சுடுகிறது. அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டால் குளிர்கிறது; அடிபட்ட இடத்தில் வைக்கும் உடனடிக் குளிர் பைகள் பலவற்றில் இருப்பது அதுதான். கரைவதிலும் அதே வரவு செலவு: படிகத்தில் அடுக்கி நிற்கும் அயனிகளைப் பிரிப்பது செலவு, நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்வது வரவு. சாதாரண உப்பான சோடியம் குளோரைடில் செலவு சுமார் 787, வரவு சுமார் 783. இரண்டு பெரிய எண்கள் மோதி, கடைசியில் வெறும் 4 கிலோஜூல் பற்றாக்குறை. அதனால்தான் உப்பு கரையும்போது சூடோ குளிரோ கைக்குத் தெரிவதில்லை.

நஷ்டத்தில் ஓடும் வினை தானாகவே நடப்பது எப்படி? 19-ஆம் நூற்றாண்டில் தாம்சன், பெர்த்தலோ போன்ற பெரிய வேதியியலாளர்களே இங்கே இடறினார்கள். அதிக வெப்பம் தரும் திசையில்தான் வினை ஓடும் என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் பேரியம் ஹைட்ராக்சைடு ஹைட்ரேட்டையும் அம்மோனியம் குளோரைடையும், இரண்டும் உலர்ந்த தூள்கள், ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுக் கிளறினால் அவை தாமாகவே வினைபுரிந்து கூழாகின்றன. அம்மோனியா நெடி கிளம்புகிறது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய், குவளைக்கு அடியில் வைத்த ஈரப்பலகை உறைந்து அதோடு ஒட்டிக்கொள்கிறது. அடுக்கி வைத்த திண்மங்களிலிருந்து திரவமும் வாயுவும் வந்தன. துகள்கள் பரவி நிற்கும் வாய்ப்புகள் ஏராளமாகப் பெருகின. அதன் அளவுதான் என்ட்ரோபி. என்தால்பி, என்ட்ரோபி இரண்டையும் வெப்பநிலையோடு சேர்த்து எடைபோட்டுத் திசையைச் சொல்வது கிப்ஸ் ஆற்றல். வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோபியின் கை ஓங்கும். சுண்ணாம்புக்கல் சிதைய மோலுக்கு 178 கிலோஜூல் வேண்டும். சாதாரண வெப்பத்தில் அது கல்லாகவே கிடக்கும். 800 டிகிரிக்கு மேல் போனால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும்.

அப்புறம் வேகம். என்தால்பி எவ்வளவு வெப்பம் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாது. வைரம் கிராஃபைட்டாக மாறினால் மோலுக்கு 1.9 கிலோஜூல் லாபம்தான், ஆனாலும் வைரம் அசையாமல் இருக்கிறது. முதல் பிணைப்புகளை உடைக்க முன்பணமாகத் தர வேண்டிய கிளர்வு ஆற்றல் அங்கே மிகப் பெரியது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவும் ஒரு பொறி விழும் வரை சும்மாவே இருக்கும்.

இந்த வேகமும் வெப்பமும் கைகோக்கும் இடம்தான் ஆபத்தானது. வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகம் மடங்கு மடங்காகப் பெருகும். பல வினைகளில் 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்விக்கும் சுவர் வழியாக வெளியேறும் வெப்பமோ வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ற அளவில் மட்டுமே கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு துரத்திப் பிடிக்க முடியாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவம் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது நடந்தது இதுதான். அந்தத் திரவம் 39 டிகிரியிலேயே கொதிப்பது. தண்ணீரோடு சேர்ந்தால் வெப்பம் உமிழ்வது. அதைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிர்பதன அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெப்பம் வினையை முடுக்கியது, வினை இன்னும் வெப்பத்தைத் தந்தது, அழுத்தம் ஏறி வாயு ஊருக்குள் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஆய்வகக் குடுவையில் சாதுவாக நடக்கும் வினை ஆலையில் ஏன் மூர்க்கமாகிறது என்பதும் வடிவக் கணிதத்தில் இருக்கிறது. பாத்திரத்தின் அகலம், உயரம் எல்லாவற்றையும் பத்து மடங்காக்கினால் வெப்பம் உண்டாகும் கன அளவு ஆயிரம் மடங்காகிறது, வெப்பம் வெளியேறும் பரப்பு நூறு மடங்குதான். ஆகவே ஆலை வடிவமைப்பாளர்கள் முதலில் போடும் கணக்கு, குளிர்விப்பு அடியோடு நின்றுவிட்டால் வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பது. ஒரு கிலோ கலவை 200 கிலோஜூல் வெப்பம் தரும், அதை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் வேண்டும் என்றால் ஏற்றம் 100 டிகிரி. அது கரைப்பானின் கொதிநிலையையோ, கலவை சிதையத் தொடங்கும் வெப்பநிலையையோ தாண்டினால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்க அனுமதி கிடையாது. வினைபடு பொருள்களில் ஒன்றைத் தொட்டியில் வைத்துவிட்டு மற்றொன்றைச் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். செலுத்தும் வேகம், சேர்ந்தது அவ்வப்போதே வினைபுரிந்து தீரும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். குளிர்விப்பு நின்ற கணத்தில் குழாயை மூடினால், தொட்டிக்குள் வினைபுரியாமல் சேர்ந்திருப்பது கொஞ்சமாகவே இருக்கும்.